தங்கை ஊரில் நான் அவித்த விதைநெல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுவது மாதத்துக்கு ஒருமுறை, எங்கள் பள்ளி விடுதியின் மளிகைப் பட்டியல் மட்டும்தான். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. சபையில் நாலு பேர் முன்னால் சாட்சி சொல்லக் கூப்பிட்டாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். நம் சபை இதழில் எருசலேம் போய் வந்தவர்கள், ரோமாபுரி போய் வந்தவர்கள் பயணம் எழுதியிருக்கிறார்கள். நான் போனது குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். "அங்க நடந்ததை அப்படியே எழுதுங்க கிருபை" என்று ஆயர் அம்மா சொன்னார்கள். அப்படியே எழுதினால் என் மானம் போகும். போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குன்னூரில் இருபத்திரண்டு வருடமாக விடுதிச் சமையல் என் பொறுப்பு. என் தங்கை லில்லி கல்யாணமாகிப் போனது தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் வயல்களுக்கு நடுவே. அங்கே அவளுக்கு ஜெபிக்கிற அம்மா என்று பெயர். துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் போன் செய்து ஜெபிக்கச் சொல்கிறார்கள். நம் ஊரிலேயே, "உங்க தங்கச்சி எப்படி இருக்காங்க, எங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்பார்கள். நானும் ஜெபிக்கிறவள்தான் என்று யாருக்கும் தோன்றியதில்லை. வேதத்தில் அடுப்படி வேலையிலேயே கிடந்த மார்த்தாளை நினைத்து, மார்த்தாள் அக்கா என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். பாராட்டுவதாக நினைத்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆவணி மாதம் லில்லி போன் செய்தாள். "அக்கா, சம்பா விதைப்புக்கு முன்னாடி எங்க சபையில உபவாச ஜெபம் வைப்போம். வெள்ளிக்கிழமை அறுபது பேர் வருவாங்க, உபவாசம் முடிஞ்சதும் கஞ்சி ஊத்தணும். நீ வந்தா சாப்பாட்டுக் கவலை இருக்காது." ஜெபிக்க வா என்று அவள் சொல்லவில்லை. அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன்.

புதன்கிழமை விடியும்போது கும்பகோணம் பேருந்து நிலையத்தில் இருந்தேன். குன்னூரில் ஸ்வெட்டர் போட்டு ஏறியவள், அங்கே இறங்கும்போது அதைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு நின்றேன். காலை ஆறு மணிக்கே வியர்த்தது. பித்தளை டபராவில் காப்பி கொடுத்தார்கள். காப்பியைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இட்லிக்கு ஊற்றிய கடப்பாவைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்டு, சோம்பு, கசகசா அரைத்துவிட்ட குழம்பு. இரண்டாம் முறை கேட்டு வாங்கி, எதை எப்போது சேர்த்திருப்பார்கள் என்று நாக்கால் துழாவிக்கொண்டிருந்தேன். பிறகுதான் சாப்பாட்டு ஜெபம் செய்ய மறந்தது ஞாபகம் வந்தது. லில்லி மறந்திருக்க மாட்டாள் என்று உடனே தோன்றியது. அவள் நினைப்பு எனக்கு இப்படித்தான் வரும்.

குடவாசல் பஸ் ஒரு குறுகிய சாலையில் போனது. எதிரே, சேற்று உழவுக்கு மாட்டுகிற இரும்புச் சக்கரங்களோடு ஒரு டிராக்டர் வந்தது. ஒதுங்கப் போன எங்கள் பஸ்ஸின் இடது பக்கம் மெதுவாக வாய்க்கால் ஓரத்தில் அமிழ்ந்தது.

"எறங்குங்க, எறங்குங்க. பஸ்ஸு நாத்து நட எறங்கிட்டு" என்றார் கண்டக்டர்.

பின்னால் நடவு வேலைக்கு வந்த வங்காளத்துக்காரர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள்தான் இறங்கித் தள்ளினார்கள். ஒருவர் சேற்றில் நின்றபடியே போனில் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டு ஒரு கையால் தள்ளினார். பூக்கூடையோடு வந்த அம்மா ஒருத்தி, "யாருகிட்டப்பா இந்த நேரத்துல பேச்சு?" என்று கேட்டாள். அவர்களில் தமிழ் தெரிந்தவர் சொன்னார்: "அவன் சம்சாரம். அந்தப் பக்கம் தண்ணி வந்தாச்சான்னு கேக்குது. நான் தண்ணியிலதான் நிக்கிறேன்னு இவன் சொல்றான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. பையிலிருந்து குன்னூர் வர்க்கி பிஸ்கட்டை எடுத்துப் பஸ்ஸைத் தள்ளியவர்களுக்குக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த பேச்சு அதுதான்.

சாலையோரம் நின்று வாய்க்காலைப் பார்த்தேன். எங்கள் மலையில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டுதான் இறங்கும். இங்கே ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஓர் இலையைக் கிள்ளிப் போட்டேன். நான் நினைத்ததைவிட வேகமாகப் போய்விட்டது.

லில்லியின் கணவர் ஞானராஜ் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். "வாங்க அண்ணி. குளிர எல்லாம் அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார். மதியம் விரால் மீன் குழம்பு. லில்லி வைத்தது. புளி தூக்கலாக இருந்தது. சொல்லாமல் சாப்பிட்டேன். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை முழுவதும் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி மகனுக்கு விசா கிடைக்க வேண்டும் என்றாள், இன்னொருத்தி மாட்டுக்குச் சினை பிடிக்க வேண்டும் என்றாள். லில்லி அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். அவர்கள் போகும்போது முகம் தெளிந்திருக்கும். முன்பு நெல் மூட்டை அடுக்கிய சின்ன அறையில் ஒரு பாய், ஒரு நாற்காலி. அதுதான் அவள் ஜெப அறை. காலை நாலு மணி முதல் ஆறு மணி வரை அதன் கதவு திறக்காது. என்ன நடந்தாலும் இடையில் எழுந்திருப்பதில்லை என்று மூன்று வருடமாகப் பொருத்தனை வைத்திருக்கிறாள்.

நான் கொல்லையில் உட்கார்ந்து பரங்கிக்காய் நறுக்கினேன். வந்தவர்களில் ஒருத்தி என்னையும் லில்லியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்களா? பாத்தா தெரியலையே" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் அதைச் சாயங்காலம் வரை மென்றேன்.

எனக்கு ஒத்தாசைக்கு வந்தவள் சலோமி. லில்லியின் சபைக்காரி, கணவரை இழந்தவள், நாற்பது வயதிருக்கும். லில்லி வீட்டுக் கொல்லையை ஒட்டி அவளுக்கு இரண்டு மா நிலம் இருக்கிறது. மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர் என்று அவள்தான் சொல்லித் தந்தாள்.

"நாளைக்கு ஜெபத்துல விதைய வச்சு எடுத்துட்டா, சாயங்காலமே கட்டிப் போட்டுடுவேங்க்கா. நாத்தங்காலு தயாரா இருக்கு" என்றாள்.

நான் தலையாட்டினேன். என் காது உள்ளே லில்லி போனில் பேசுவதில் இருந்தது. யாரோ அவளை ஒரு பெரிய கூட்டத்துக்குப் பேச அழைத்தார்கள். "ஆண்டவருக்குச் சித்தமானா வர்றேன்" என்று அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. சலோமி சொன்னது கேட்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலேகாலுக்கு எழுந்தேன். ஜெப அறைக் கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது. உள்ளே லில்லியின் முணுமுணுப்பு கேட்டது. ஞானராஜ் வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போயிருந்தார். கொல்லையில், கூட்டத்துச் சமையலுக்காகக் கல் கூட்டிவைத்த அடுப்பின் மேல் பெரிய அண்டா ஒன்று இருந்தது. மேலே ஈரச்சாக்கு போட்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். நிறைய நெல், ஊறிப் பருத்து, தண்ணீருக்குள் கிடந்தது.

சில வருடங்களுக்கு முன் தை மாதத்தில் இதே வீட்டுக்கு வந்திருக்கிறேன். அப்போது லில்லியின் மாமியார் இருந்தார். நெல்லை ஊறவைத்து, விடியற்காலையில் அண்டாவில் அவித்து, காயவைத்து, அரைத்துப் புழுங்கலரிசி ஆக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நெல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

நெல்லை ஊறப்போட்டு அடுப்பில் ஏற்றியாயிற்று, பாதி வேலையில் விட்டுவிட்டு முழங்காலில் போய் நின்றுகொண்டாள் என்று நினைத்தேன். இந்த இடத்தை மறைக்காமல் எழுத வேண்டும். நான் கேட்கப் போனேன். அறைக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். தட்டினால் அவள் ஆறு மணிக்கு வெளியே வந்து, "அக்கா, ஜெப நேரம் அக்கா" என்று மெல்லச் சொல்வாள். அந்த மெல்லச் சொல்வதுதான் எனக்கு ஆகாது. கையை இறக்கிவிட்டேன். அவள் ஜெபிக்கட்டும், வெளியே வரும்போது வேலை முடிந்திருக்கட்டும், யார் வேலை செய்கிறவள் என்று இன்றைக்கு வருகிற அறுபது பேருக்கும் தெரியட்டும் என்று வீம்பாக நினைத்துக்கொண்டேன்.

தென்னை மட்டையும் சவுக்கு விறகும் வைத்துத் தீ மூட்டினேன். ஐந்தரைக்கு ஆவி கிளம்பியது. கொல்லை முழுவதும் நெல் அவியும் வாசம். உமி வாய் பிளந்ததும் தீயை இழுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு திருப்தியாக நான் எந்த ஜெபத்தையும் முடித்ததில்லை.

ஆறு மணிக்குச் சலோமி வந்தாள். ஆவியைப் பார்த்து ஓடி வந்தாள். அண்டாவுக்குள் கையை விட்டு, சுட்டது கூடத் தெரியாமல் ஒரு பிடி அள்ளினாள். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தாள்.

"வெந்துட்டு" என்றாள்.

"ஆமாம்மா, பதமா வெந்துட்டு" என்றேன் நான். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் அழவில்லை. அண்டாவின் விளிம்பைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "விதைங்க்கா. என் விதை" என்றாள்.

முந்தின நாள் நான் குளிக்கப் போயிருந்தபோது அவளும் ஞானராஜும் அதைக் கொண்டுவந்து ஊறப்போட்டிருக்கிறார்கள். கோழி கிளறாமல் இருக்க அடுப்புக் கல் மேல் ஏற்றியிருக்கிறார்கள். அது கிச்சிலிச் சம்பா. நாலு வருடத்துக்கு முன் யாரோ கொடுத்த ஒரு பிடி நெல்லை ஒரு மூலையில் விதைத்து, அறுத்ததை மறுபடி விதைத்து, ஒருமுறை கூட உலையில் போடாமல் பெருக்கியிருக்கிறாள். இந்த வருடம்தான் இரண்டு மாவுக்கும் போதுமான விதை சேர்ந்திருந்தது. உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கிற பதம் பார்த்துப் பதரைப் போக்கி, கழுவி ஊறவைத்திருந்தாள். அன்று சாயங்காலம் சாக்கில் கட்டி இருட்டில் வைத்திருந்தால் முளை கட்டியிருக்கும்.

லில்லி அறையைத் திறந்துகொண்டு வந்தாள். அண்டாவைப் பார்த்ததும் அவள் முகம் போன விதம் எனக்குப் புரியவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வயலிலிருந்து வந்த ஞானராஜ் விஷயத்தைக் கேட்டு மண்வெட்டியை அப்படியே போட்டார். பிறகு, "கோவிந்தராசு ஐயாகிட்ட போன வருசம் ரெண்டு படி கொடுத்தீல்ல சலோமி?" என்றார். கோவிந்தராசு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து விவசாயி. சொந்த நிலமும் குத்தகையுமாக நிறையச் செய்கிறவர். சலோமியின் அப்பா காலத்தில் அவர் வீட்டு வயலில்தான் இவர்கள் கூலிக்குப் போனார்களாம். "அவரு நாத்தங்கால்ல ஒரு பக்கம் அதையும் விட்டிருக்காரு. நான் பாத்தேன்."

"கொடுத்துட்டு நான் எப்படிப் போயி திருப்பிக் கேப்பேன்?" என்றாள் சலோமி.

"நான் போறேன்" என்றாள் லில்லி. அவள் போனால் காரியம் நடந்துவிடும். அவள் பேச்சுக்கு அந்த ஊரில் மதிப்பு இருக்கிறது. ஆனால் எட்டு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

"நீ போய் உக்காரு" என்றேன். "அவிச்சது நான். நான் போறேன். நீ ஜெபி." ஐம்பது வயதில் முதல்முறையாகத் தங்கையிடம் எனக்காக ஜெபிக்கச் சொன்னேன்.

வரப்பில் நடப்பது மலைச்சரிவில் நடப்பதைவிடக் கஷ்டம். இருமுறை சேற்றில் கால் போயிற்று. சலோமி பின்னால் வந்தாள். கோவிந்தராசு நாற்றங்கால் கரையில் நின்றுகொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன். ஆண்டவரே வாய் திறக்க மாட்டேங்குது என்று உள்ளுக்குள் சொன்னேன். அது ஜெபம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"நெல்ல அவிச்ச அம்மா நீங்கதானா?" என்றார் அவரே. செய்தி எங்களுக்கு முன்னால் வரப்பைத் தாண்டியிருந்தது. "எந்த ஊரு, குன்னூரா? அங்கல்லாம் அவிச்சுத்தான் வெதைப்பாங்களோ?"

கூட நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அதில் எனக்கு வாய் வந்துவிட்டது.

"எங்க ஊருல வெதைக்கிறதே இல்லீங்கய்யா. எனக்கு ஒண்ணும் தெரியாது. கேக்காம செஞ்சுட்டேன். தப்பு என்னோடது. இவங்களுக்கு நாத்து வேணும்."

அவர் சலோமியைப் பார்த்தார். "நாலு வருசமா கோழி அடைகாத்த மாதிரி காத்த, போ" என்றார். பிறகு வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்தார். நாற்றங்காலில் ஓர் ஓரம் மட்டும் கொஞ்சம் வேறு பச்சையாக இருந்தது. அங்கே குச்சியை ஊன்றி, தோளில் கிடந்த பழைய துண்டில் ஒரு நாடா கிழித்துக் கட்டினார்.

"இதுலேருந்து கரை வரைக்கும் உன்னோடது. ஒத்த நாத்தா நட்டீன்னா ரெண்டு மாவுக்கும் வந்துரும். எனக்கு ஒரே ஒரு முடி நாத்து விட்டுரு. அது உன் விதைதானே, ஊரு சுத்திட்டு வருது."

திரும்பும்போது சலோமி முன்னால் நடந்தாள். வழுக்குகிற இடத்தில் நின்று எனக்குக் கை கொடுத்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜெபம் நடந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு உபவாசம் முடிகிற நேரம், சலோமி எழுந்து நாற்று கிடைத்ததைச் சொன்னாள். நான் அவித்ததை அவள் சொன்னபோது சிரித்தார்கள். நாற்று கிடைத்ததைச் சொன்னபோது, "லில்லியம்மா ஜெபம்!" என்றாள் ஒருத்தி. ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். நான் கஞ்சி அண்டாவின் பக்கத்தில் காலில் காய்ந்த சேற்றோடு நின்றுகொண்டிருந்தேன். வரப்பில் விழுந்து எழுந்தது நான். கரண்டியை அண்டாவில் கொஞ்சம் பலமாகவே போட்டேன்.

லில்லி எழுந்தாள். "இல்லீங்க" என்றாள். "காலைல நெல் அவியுற வாசம் எனக்கு வந்துச்சு. அடுப்பு மேல விதை இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், பொருத்தனை இருக்கே, ஆறு மணிக்கு முன்னாடி எழுந்திருக்கக் கூடாதேன்னு முழங்கால்லயே இருந்துட்டேன். அப்பவே எழுந்து வந்திருந்தா பாதி விதையாவது பிழைச்சிருக்கும். அக்கா தெரியாம செஞ்சாங்க. நான் தெரிஞ்சு செஞ்சேன்."

ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்போது முன்வரிசையில் ஒரு அம்மா, "என்ன தாழ்மை பாத்தீங்களா!" என்றாள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் தப்பைச் சொன்னால் சிரிப்பு வருகிறது, அவள் தப்பைச் சொன்னால் கண்ணீர் வருகிறது. கட்டிக்கொள்ளப் போகவில்லை. கஞ்சி ஊற்றப் போனேன்.

சனிக்கிழமை அவித்த நெல்லைச் சாலையில் காயப்போட்டோம். இந்தப் பக்கத்தில் தார்ச்சாலைதான் களம். பஸ்காரர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். லில்லியும் நானும் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு எதிரும் புதிருமாக நடந்தோம்.

"நீ கதவத் தட்டியிருக்கலாம்ல அக்கா?"

"நீ கதவத் தொறந்திருக்கலாம்ல?"

இன்னும் நாலு நடை போனோம். "புளி அதிகமா இருந்துச்சுல்ல, அந்தக் குழம்புல?" என்றாள் அவள்.

"ரொம்ப" என்றேன்.

இருவரும் சிரித்தோம். என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் ஆயர் அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். போகவில்லை. அப்போதும் சாலையில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி அவளுக்கு மட்டும் வணக்கம் சொன்னார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் அவள் இல்லாத நேரத்தில் அந்த அறைக்குள் போய்ப் பார்த்தேன். பாயில் இரண்டு முழங்கால் பட்ட இடமும் தேய்ந்து நூல் தெரிந்தது. நான் எந்தப் பாத்திரத்தையும் அவ்வளவு தேய்த்ததில்லை.

அன்று சாயங்காலமே மில்லில் அரைத்துவிட்டோம். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எல்லாருக்கும் அந்த அரிசியில்தான் சாப்பாடு. நான் வடித்தேன். சலோமி முதல் வாயை வெறும் சோறாகப் போட்டு நிதானமாக மென்றாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தோம்.

"நாலு வருசமா விதைக்குன்னே வச்சிருந்தேன். ருசி பாத்ததே இல்ல" என்றாள். "நல்லாத்தான் இருக்கு." பிறகு, "இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா" என்று தட்டை நீட்டினாள். நான் போட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நாலரைக்கு நான் அந்த அறையில் பாயில் உட்கார்ந்தேன். லில்லி தன் நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்து அடுப்படிக்குப் போனாள். நான் கதவைச் சாத்தவில்லை. ஐந்தேகாலுக்கு, அவள் அடுப்பில் வைத்து மறந்த பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசம் வந்தது. எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஏழு மணி பஸ்ஸில் கும்பகோணத்துக்கு ஏறினேன்.